மலைக்குக் குடிபோகும் முன் அதன் மோசமான மாதத்தைப் பாருங்கள்

ஆள் நடமாட்டம் குறைந்த மலைப்பகுதி ஒன்றில் போய்க் குடியேறிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். எப்போதோ விடுமுறைக்குப் போன இடம் மனதை விட்டு அகல மறுக்கிறது, இரைச்சலும் நெரிசலும் போதும் என்று தோன்றுகிறது. நல்ல ஆசைதான், யாரையும் தடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. மலையில் பல வருடம் நிம்மதியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டே வருடத்தில் மூட்டை கட்டி இறங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். இறங்கி வந்தவர்களிடம் காரணம் கேட்டால் தண்ணீர், பாதை, ஆஸ்பத்திரி தூரம், வீட்டில் இருக்கும் இன்னொருவரின் தனிமை, பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைத்தான் சொல்வார்கள். இந்த நான்கும் போய்ச் சேர்வதற்கு முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதல் வேலை இதுதான். அந்த இடத்துக்கு மிக மோசமான மாதம் எது என்று அங்கேயே இருக்கிறவர்களிடம் கேளுங்கள். ஓர் இடத்தில் அது விடாமல் பெய்யும் மழைக்காலம், இன்னோர் இடத்தில் பாதையை மூடும் பனிக்காலம், வேறொன்றில் ஊற்று வற்றி காடு காயும் கோடை. அந்த மாதத்தில் போய் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து, நீங்களே சமைத்து, துணி துவைத்துக் காயப்போட்டு, உங்கள் வேலையை அங்கிருந்தே பார்த்து, கரண்ட் போனால் இருட்டிலேயே இருந்து, குறைந்தது மூன்று நான்கு வாரம் வாழ்ந்து பாருங்கள். விடுதியில் தங்குவது இந்தக் கணக்கில் சேராது, அங்கே தண்ணீரையும் விறகையும் பற்றிக் கவலைப்பட வேறு யாரோ இருக்கிறார்கள். மோசமான மாதத்தின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஒத்துவந்தால் மிச்ச மாதங்கள் தானாக ஒத்துவரும். அதற்கப்புறம் ஒரு முழு வருடம் வாடகையில் இருங்கள், அதுவரை இப்போதைய வீட்டை விற்காதீர்கள். இரண்டு இடத்துக்கும் செலவு செய்வது வலிக்கும், ஆனாலும் தவறான மலையில் தவறான வீட்டை வாங்கி அதை விற்க முடியாமல் தவிப்பதற்கு முன்னால் அது சின்னச் செலவு. ஒதுக்குப்புறமான மலை வீடுகள் லேசில் விலை போகாது, வாங்க வருகிறவர்களே குறைவு.

உயரமும் வெயிலும்

எவ்வளவு உயரத்தில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிர் கூடும், புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், அதனால் குளிராக இருந்தாலும் தோலும் கண்ணும் வெயிலில் கெடும். தண்ணீரின் கொதிநிலை ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 1 டிகிரி குறைகிறது. 2000 மீட்டரில் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் பிடிக்கும், பிரஷர் குக்கர் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். 2500 மீட்டருக்கு மேலே வேகமாகப் போனால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று மலைநோய் வரலாம். பெருவில் லா ரிங்கொனாடா என்ற ஊரில் 5000 மீட்டருக்கும் மேலே மனிதர்கள் நிரந்தரமாக வாழ்கிறார்கள், அது உடம்பின் எல்லையை ஒட்டிய வாழ்க்கை. இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் உயரத்தை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுவிட்டே இடம் தேடுங்கள்.

உயரத்தைவிட அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது வெயில் வரும் திசை. ஒரே மலையில் எதிரெதிர்ச் சரிவில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு இரண்டு வேறு வாழ்க்கை. வெப்பமண்டலத்துக்கு வெளியே, பூமியின் வடபாதியில், தெற்கு பார்த்த சரிவுக்குத்தான் குளிர்காலத்தில் வெயில் கிடைக்கும், தென்பாதியில் இது அப்படியே மாறும். பள்ளத்தாக்கின் அடியில் வீடு இருந்தால் சூரியன் தாமதமாக வந்து சீக்கிரம் மறைந்துவிடும். நார்வேயில் ருயூக்கான் என்ற ஊருக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை நேரடி வெயிலே கிடையாது, 2013-ல் எதிர் மலைமேல் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பி விட்டார்கள். இத்தாலியில் விகனெல்லா 2006-லேயே அதைச் செய்திருந்தது. வெயில் இல்லாத வீட்டில் துணி காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும், சோலார் வேலை செய்யாது, மனமும் சோர்ந்து போகும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகி இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும் என்பதால் உறைபனியும் அங்கேதான் முதலில் விழும். நடுச்சரிவில் இருக்கும் வீடு பெரும்பாலும் அடியில் இருப்பதைவிடக் கதகதப்பானது. பழைய குடியிருப்புகள் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பாருங்கள், முன்னோர் காரணமில்லாமல் அங்கே கட்டியிருக்க மாட்டார்கள்.

தண்ணீர்

நீங்கள் பார்க்கப் போகும் எல்லாவற்றிலும் இதற்கே அதிக நேரம் கொடுங்கள். "தண்ணீர் வருடம் முழுக்க வரும்" என்று விற்கிறவர் சொல்வார், சொல்லட்டும். நீங்கள் ஒரு வாளியையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, கோடையின் கடைசியில், ஊற்றின் வாய்க்கே போய் அளந்து பாருங்கள். பத்து லிட்டர் வாளி நிறையப் பத்து நிமிடம் ஆகிறது என்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர், ஒரு நாளைக்கு 1440 லிட்டர். பார்க்க நூல் மாதிரி ஒழுகும் அந்தத் தண்ணீர், தேக்கி வைக்கத் தொட்டி இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அடிப்படைத் தேவைக்கு ஒருவருக்கு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தோட்டம் போட, மாடு வளர்க்க ஆசை இருந்தால் கணக்கு வேறு, அப்போது மழைநீரைத் தேக்கும் பெரிய தொட்டியும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் இன்னும் மூன்று கேள்விகள் உண்டு. ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது? உங்கள் நிலத்துக்கு வெளியே இருந்தால் அதில் எடுக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறதா? மேலே வேறு யாராவது குழாய் போட்டு எடுக்கத் தொடங்கினால் உங்கள் கதி என்ன? வாய்வார்த்தை உரிமை, சொன்னவர் உயிரோடு, நட்போடு இருக்கும்வரைதான்.

தொட்டி வீட்டைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், 15 மீட்டர் மேலே தொட்டி வைத்தால் மோட்டாரே இல்லாமல் வீட்டுக் குழாய்கள் நன்றாக வரும். இது மலையில் மட்டும் கிடைக்கும் வசதி, விட்டுவிடாதீர்கள். ஊற்று பக்கத்திலேயே இருந்தாலும் வீட்டைவிடக் கீழே இருந்தால், ஒவ்வொரு லிட்டரையும் கரண்ட் செலவழித்து ஏற்ற வேண்டும், கரண்ட் போன அன்று தண்ணீரும் போகும். உறைபனி விழும் இடமானால் குழாயைப் பூமிக்குள், குளிரில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே புதைக்க வேண்டும்.

மலை ஊற்று என்றாலே சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். மேலே மாடு மேய்ந்தாலே போதும், கிருமி வந்துவிடும். ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், மழை தொடங்கிய பிறகு இன்னொரு முறை கொடுங்கள். சந்தேகம் இருக்கும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேலே கொதிநிலை குறைவு என்பதால் மூன்று நிமிடம். கழிவறைக் குழி ஊற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, அதைவிடத் தாழ்வான இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் மேல்வீட்டுக்காரரின் குழி எங்கே இருக்கிறது என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நிலமும் பாதையும்

மலையில் சமதளம் அபூர்வம், அதனால் ஒரு தட்டையான இடத்தைப் பார்த்ததும் மனம் தாவும். அங்கேதான் நிதானம் வேண்டும். ஓடை மலையிலிருந்து வெளியே வரும் வாயில் விசிறி போல விரிந்து கிடக்கும் சமதளம், பழைய வெள்ளமும் கல்லும் சேறும் வந்து கொட்டியதால் உண்டான இடமாக இருக்கலாம். ஒருமுறை வந்தது மறுபடியும் வரும். இன்னொரு வகைச் சமதளம், சரிவை ஒரு பக்கம் வெட்டி அந்த மண்ணை மறுபக்கம் கொட்டி உண்டாக்கியது. வெட்டிய பக்கம் கெட்டியாக இருக்கும், கொட்டிய பக்கம் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும், இரண்டின் மேலும் கால் வைத்து நிற்கும் வீடு நடுவில் வெடிக்கும்.

மண் நகர்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சில அடையாளங்கள்: மரங்களின் அடித்தண்டு சரிவை நோக்கி வளைந்து பின் நிமிர்ந்திருப்பது, கம்பமும் வேலியும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது, சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண் பிளந்திருப்பது, பழைய வீட்டில் கதவுகள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுப்பது, இதுவரை இல்லாத இடத்தில் நீர் கசிவது. இதில் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்தால் நிலவியல் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். குடிபோன பிறகும் இந்தக் கண் வேண்டும். பெருமழையில் ஓடை திடீரென்று கலங்கினாலோ, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைந்தாலோ மேலே மண் சரிந்திருக்கலாம், ஓடை அடைபட்டிருக்கலாம். ஓடைப் பாதையை விட்டுப் பக்கவாட்டில், மேடான இடத்துக்குப் போய்விடுங்கள், பொருளை எடுக்கத் திரும்பாதீர்கள்.

காட்டுத்தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறைகள் பயன்படுத்தும் கணக்கு. குறுகலான ஓடைப்பள்ளம் புகைபோக்கியாகவே மாறிவிடும். எனவே அடர்ந்த காட்டுக்கு நேர் மேலே, சரிவின் உச்சியில் காட்சிக்காகக் கட்டிய வீட்டை நான் வாங்க மாட்டேன். எங்கே இருந்தாலும் வீட்டைச் சுற்றிக் காய்ந்த புல், சருகு, சுவரில் சாய்த்து அடுக்கிய விறகு எதுவும் இருக்கக் கூடாது. வெளியேற இரண்டாவது பாதை ஒன்று இருக்கிறதா என்றும் நடந்தே போய்ப் பாருங்கள்.

பாதை என்றதும் அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அது யாருடையது, யார் சரிசெய்வது, மழையில் அடித்துப்போனால் எத்தனை நாளில் திறப்பார்கள், கடைசி அரை கிலோமீட்டர் யாருடைய தனி நிலத்தின் வழியாகப் போகிறது என்பவைதான் கேள்விகள். பிறர் நிலத்தின் வழியாகப் போகும் உரிமை பத்திரத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஆம்புலன்சும் தண்ணீர் லாரியும் தீயணைப்பு வண்டியும் வளைவுகளில் திரும்ப முடியுமா என்று பாருங்கள். பெரிய வண்டி வராத இடத்தில் வீடு கட்டுவதானால் ஒவ்வொரு மூட்டை சிமெண்டையும் சின்ன வண்டியில் பலமுறை ஏற்ற வேண்டும், கடைசியில் தலைச்சுமை. கட்டடச் செலவு எங்கேயோ போய் நிற்கும். காட்டின் எல்லை, சரிவில் கட்டத் தடை, ஓடையிலிருந்து விட வேண்டிய தூரம், இவற்றுக்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் ஏதோ ஒரு விதி எல்லா இடத்திலும் உண்டு. உள்ளூர் நில வழக்குகள் தெரிந்த வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

கரண்ட், போன், அடுப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பணத்தால் தீர்க்கக்கூடிய பிரச்சினை என்பதால். சோலார் போடுவதானால் மிகக் குறைந்த வெயில் உள்ள மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள், மலை மறைக்கும் நேரத்தைக் கழித்துவிட்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் (LFP) பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும், அதை வீட்டுக்குள் வையுங்கள் அல்லது சூடாக்கும் வசதி உள்ளதாக வாங்குங்கள். ஜெனரேட்டர் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், உயரமான இடத்துக்கு ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். போன் சிக்னலை வாசலில் பார்த்தால் போதாது, படுக்கை, சமையலறை, பாதையின் வளைவுகள் என்று எல்லா இடத்திலும், மழை நாளிலும் பாருங்கள். செயற்கைக்கோள் இணையத்துக்கு வானம் விரிந்து தெரிய வேண்டும், உயர்ந்த மரமோ எதிர் மலையோ மறைத்தால் அடிக்கடி அறுபடும்.

விறகு எரிப்பவர்கள் ஒரு வருடம் முன்னதாகவே வெட்டிப் பிளந்து காற்றோட்டமாக அடுக்கிக் காயவிட வேண்டும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் சூடு கிடைக்கும். பச்சை விறகு புகைந்து புகைபோக்கியில் கரியாகப் படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். அப்புறம், மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். அதைக் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி ஒன்று படுக்கையறையில் கட்டாயம் இருக்கட்டும்.

உடம்பும் மனிதர்களும்

பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. ஆகவே "பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா" என்று கேட்காமல், ஸ்கேனும் இரவு நேர மருத்துவரும் உள்ள ஆஸ்பத்திரிக்கு மழை பெய்யும் ராத்திரியில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேளுங்கள். பகலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், இருட்டிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாம்புக்கடி மருந்து எங்கே கிடைக்கும், பிரசவம் யார் பார்ப்பார்கள் என்பதும் இதே கேள்வியின் பகுதிதான். வயதான பெற்றோரோ, தொடர் சிகிச்சையில் இருப்பவரோ உங்களோடு வருகிறார் என்றால் என் யோசனை வெளிப்படையானது: இந்தப் பதில் திருப்தியாக இல்லாவிட்டால் போகாதீர்கள், மலையடிவாரத்தில் நல்ல பாதையோரம் ஒரு வீடு பாருங்கள். முதலுதவியை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் குறைந்தது இரண்டு பேர்.

வீட்டில் எல்லோரும் மனதாரச் சரி சொன்னார்களா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவரின் கனவுக்காக இன்னொருவர் தலையாட்டிவிட்டு வருவது நிறைய நடக்கிறது, அங்கே போனபின் கனவு கண்டவருக்குத் தோட்டம், காடு என்று நாள் போய்விடும், மற்றவர் நாலு சுவருக்குள் நின்றுவிடுவார். வண்டி ஓட்டத் தெரியாதவர் என்றால் இன்னும் மோசம், கடைக்குப் போவதற்குக்கூட ஒருவரைக் கேட்க வேண்டும். கிளம்பும் முன்பே அவர் வண்டி கற்றுக்கொள்ளட்டும். பள்ளிக்குப் போய்வரவே தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஆனால் பிள்ளைகளுக்கு விளையாட நேரமிருக்காது, நண்பர்களும் இருக்க மாட்டார்கள். பள்ளி இன்னும் ஐந்து வருடம் திறந்திருக்குமா என்றும் விசாரியுங்கள், ஆள் குறையும் மலை ஊர்களில் முதலில் மூடுவது பள்ளிதான்.

வருமானம் மலையை நம்பி இருக்க வேண்டாம், குறைந்தபட்சம் முதல் மூன்று வருடம். தேனீ, காய்கறி, விருந்தினர் தங்கும் அறை என்று திட்டங்கள் எல்லாம் நல்லவைதான், ஆனால் மண்ணையும் பருவத்தையும் புரிந்துகொள்ளவே காலம் ஆகும். ஆள் இல்லாத மலை ஊர்களில் குடியேறப் பணமோ மலிவு வீடோ தருகிறார்கள் என்ற செய்திகளைப் பார்த்து அவசரப்படவும் வேண்டாம். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன, மலை ஊர்களில் மிக மலிவாகக் கிடைப்பவை பலவற்றைச் சரிசெய்யும் செலவு வீட்டு விலையைத் தாண்டும். சுவிட்சர்லாந்தின் ஆல்பினென் என்ற மலை ஊர் 2017-ல் புதிதாக வருபவர்களுக்குப் பணம் தர வாக்களித்தது, ஆனால் வயது 45-க்குள் இருக்க வேண்டும், பத்து வருடம் அங்கேயே இருக்க வேண்டும், முன்பே கிளம்பினால் திருப்பித் தர வேண்டும். இந்த மாதிரி எந்தச் சலுகையிலும் நிபந்தனைப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தனிமை தேடிப் போகிறவர்களுக்கு இது பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் வீடுகள் குறையக் குறைய ஒருவரை ஒருவர் நம்பியிருப்பது கூடுகிறது. பாதையில் மரம் விழுந்தால் ரம்பத்தோடு வருவது அடுத்த வீட்டுக்காரர்தான். வாங்கும் முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள், ஊற்று எப்போது வற்றியது, பாதை எப்போது மூடியது, முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். தரகர் சொல்லாததெல்லாம் அங்கே கிடைக்கும். குடிவந்த பின் காலங்காலமாக ஆட்கள் நடந்த ஒற்றையடிப் பாதை உங்கள் நிலத்தின் வழியாகப் போனால் அதை வேலி போட்டு அடைக்காதீர்கள், முதல் வருடம் எதையும் மாற்றவே வேண்டாம். பொது வேலைக்குக் கூப்பிட்டால் மண்வெட்டியோடு போய் நில்லுங்கள்.

முழு வருடமும் வாடகையில் இருந்து பார்த்து, இன்னும் ஆசை குறையவில்லை என்றால், அந்த ஒரு வருடத்தில் நீங்கள் மழையிலும் கோடையிலும் நடந்து பார்த்த நிலங்களுக்குள்ளேயே தேடுங்கள், புதிதாக வேறு மலைக்குத் தாவ வேண்டாம். வாங்கியதும் உள்ளே பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் வீட்டுக்கு மேல்பக்கம் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் கூரை, அப்புறம் தண்ணீர்த் தொட்டி. மிச்ச வேலைகளை முதல் மழைக்காலம் முடிந்த பிறகு தொடங்கலாம்.